ஒரே ட்ரான்ஸ்ஃபார்மர் வீடுகள்

சாவி பூட்டுக்குள் போய்விட்டது, திருப்பத்தான் முடியவில்லை. பூட்டு இறுகிவிட்டது போல என்று தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். மறுநாளும் அதே கதை. அம்மா வந்து ஒரே திருப்பில் திறந்துவிட்டு, "பூட்டு நல்லாத்தானே இருக்கு, உன் கையிலதான் என்னமோ" என்றாள். அவளுக்கு வயது 74. அப்போதுதான் வலது கையைச் சரியாகப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, புறங்கைப் பக்கம் ஒரு சதை இருக்குமே, அது இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு பள்ளம்.

நீங்களும் உங்கள் கையில் பார்த்துக்கொள்ளலாம். கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வைத்து அழுத்துங்கள். புறங்கையில் ஒரு மேடு எழும்பும். டாக்டர்கள் அதை ஃபர்ஸ்ட் டார்சல் இன்டராசியஸ் என்கிறார்கள். ஆள்காட்டி விரலை நடுவிரலிலிருந்து விலக்குவது அதன் வேலை. ஆனால் சாவி, பேனா, ஊசி, கோலப்பொடி என்று எதைக் கிள்ளிப் பிடித்தாலும் அது உழைக்கிறது. நாற்பது சொச்சம் வருடம் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் பிழைப்பை ஓட்டியிருக்கிறேன்.

சுண்டுவிரல் மரத்துப்போய் நாலைந்து மாதம் ஆகியிருந்தது. கண்டுகொள்ளவில்லை. பகலெல்லாம் முழங்கையை மேஜையில் ஊன்றி வேலை பார்ப்பேன், இரவில் கையை மடக்கி போனைக் காதில் வைத்தபடியே படுத்திருப்பேன். முழங்கையின் உள்பக்கம் எங்காவது இடித்துக்கொண்டால் சுர்ரென்று கரண்ட் அடித்த மாதிரி இருக்குமே, அங்கே ஓடுவதுதான் அல்நார் நரம்பு. தோலுக்கு அடியில், எலும்பின் மேல், பாதுகாப்பே இல்லாமல் கிடக்கிற நரம்பு. அதை நான் மாதக்கணக்கில் நசுக்கியிருக்கிறேன்.

நரம்பியல் டாக்டர் முதலில் இரண்டு கையிலும் ஒரு தாளைக் கொடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, விடாமல் பிடிக்கச் சொல்லி இழுத்தார். இடது கை ஒழுங்காகப் பிடித்தது. வலது கையில் கட்டைவிரலின் நுனி தானாக மடங்கியது. கட்டைவிரலை உள்பக்கம் அழுத்துகிற தசை வேலைநிறுத்தம் செய்ததால் நுனியை மடக்குகிற தசை வந்து பிடித்துக்கொள்கிறது. முதல் உலகப்போரில் காயம்பட்ட சிப்பாய்களிடம் ஃப்ரோமான் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1915ல் கண்டு சொன்ன சோதனை இது. அவர் செய்தித்தாளைக் கொடுத்துப் பார்த்தாராம். எனக்குக் கிடைத்தது பழைய மருந்துச் சீட்டு.

இதே நரம்பின் கதை வேலூரில் வேறு மாதிரி நடந்திருக்கிறது. தொழுநோய்க் கிருமிக்கு உடம்பில் குளிர்ச்சியான இடங்கள் பிடிக்கும். தோலை ஒட்டி ஓடும் அல்நார் நரம்பு அதற்கு வசதி. நரம்பு செத்ததும் விரல்கள் நகம்போல் வளைந்துவிடும். 1940களின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், வேலை செய்கிற ஒரு தசையின் நாணை எடுத்து வேலை செய்யாத விரலுக்கு மாற்றிக் கட்டி, அந்தக் கைகளைத் திறக்க வைத்தார். காத்திருந்த நேரத்தில் இதையெல்லாம் போனில் படித்துவிட்டுக் கொஞ்சம் பயந்துதான் உள்ளே போனேன்.

அடுத்து நரம்பில் ஷாக் கொடுத்து வேகம் பார்த்தார்கள். முன்கையில் நொடிக்கு 56 மீட்டர் ஓடிய சமிக்ஞை, முழங்கையைத் தாண்டும்போது 37ஆகக் குறைந்தது. நம் ஊர் ரோட்டில் ஸ்பீட் பிரேக்கர் மாதிரி. அப்புறம் ஊசி. ஊசி என்றால் மருந்து ஏற்றுகிற ஊசி இல்லை. தசைக்குள் நடக்கிற மின்சாரத்தை ஒட்டுக்கேட்கிற ஊசி. ஈஎம்ஜி.

முதலில் கையைத் தளர்த்தி வைக்கச் சொன்னார். சும்மா இருக்கிற தசையிலிருந்து சத்தமே வரக்கூடாது. தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல் ஒரு சத்தம் வந்தால் நரம்பிழந்த தசையிழைகள் தன்பாட்டுக்குத் துடிக்கின்றன என்று அர்த்தமாம். எனக்குக் கொஞ்சம் தூறியது. அவர் எதுவும் சொல்லாமல் எழுதிக்கொண்டார்.

"இப்ப ஆள்காட்டி விரலை லேசா வெளிப்பக்கம் தள்ளுங்க சார். ரொம்ப லேசா. நினைச்சாப் போதும்."

நினைத்தேன். ஸ்பீக்கரில் டக்... டக்... டக்... என்று கேட்டது. சுவர்க்கடிகாரத்தைவிட வேகம், தையல் மெஷினைவிட மெதுவு. நொடிக்கு எட்டு இருக்கலாம். இன்னும் கொஞ்சம் அழுத்தச் சொன்னார். வேறொரு சத்தம் சேர்ந்துகொண்டது. இது கொஞ்சம் கனம். தொக்... தொக்... இரண்டும் தனித்தனி நடையில் போயின. நன்றாக அழுத்தியதும் எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிகிற கலவரம். திரும்பத் தளர்த்தினால் கடைசியில் சேர்ந்தது முதலில் போய், முதல் டக் மட்டும் மிச்சம்.

அந்த இரண்டையும் வைத்து நான் விளையாடிக்கொண்டிருந்தேன். சில சமயம் டக்கும் தொக்கும் ஒரே கணத்தில் விழுந்து ஒரே அடியாகக் கேட்டது. "ரெண்டும் சேர்ந்து வருதே டாக்டர், ஏதாவது பிரச்சினையா?" என்றேன். அவர் சிரித்தார். "பிரச்சினை இல்ல சார். தற்செயலா வரலாம். தற்செயல் இல்லாமலும் வரலாம். அதை எண்ணிப் பாத்தாத்தான் தெரியும்."

தற்செயல் இல்லாமலும் வரலாம் என்ற அந்த ஒரு வாக்கியம் அன்றிலிருந்து என்னை விடவில்லை. முழங்கைக்கு உறை போட்டுக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் வைத்துப் பேசிக்கொண்டு, கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

ஊசியில் கேட்ட ஒவ்வொரு டக்கும் ஒரு மோட்டார் யூனிட்டின் சத்தம். கரண்ட் பில்லில் வருகிற யூனிட் இல்லை. முதுகுத்தண்டுக்குள் இருக்கும் ஒரு நியூரான், அதிலிருந்து கைவரை நீளும் ஒரு நரம்பிழை, அந்த இழை பல கிளையாகப் பிரிந்து பிடித்து வைத்திருக்கும் தசையிழைகள் என எல்லாம் சேர்ந்து ஒரு யூனிட். நியூரான் ஒருமுறை துடித்தால் அதன்கீழ் உள்ள அத்தனை இழையும் ஒருமுறை துள்ளும். அதில் பாதி மட்டும் துள்ளுவது என்ற பேச்சே கிடையாது. லிடெல், ஷெரிங்டன் என்ற இருவர் 1925ல் இந்தப் பெயரை வைத்தார்கள். நான்கு வருடம் கழித்து, 1929ல், கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் பிராங்கும் ஒரு சிரிஞ்சு ஊசிக்குள் மெல்லிய கம்பியைச் செருகி மனிதத் தசைக்குள் இறக்கி, வந்த துடிப்பை ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டார்கள். எனக்குக் குத்திய ஊசியும் அடிப்படையில் அதேதான். ஷெரிங்டனும் ஏட்ரியனும் 1932ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

எத்தனை யூனிட் இருக்கும்? 1955ல் வெளியான ஒரு பழைய கணக்கு இன்றும் புழங்குகிறது. நம் பள்ளத்துச் சதையில் சுமார் 120 யூனிட். யூனிட் ஒன்றுக்குச் சுமார் 340 தசையிழை. கெண்டைக்கால் சதையிலோ ஒரு யூனிட்டின்கீழ் ஆயிரத்துக்கும் மேல். அங்கே ஒரு மேஸ்திரிக்குப் பெரிய கூட்டம், இங்கே சின்னக் கூட்டம். அதனால்தான் கெண்டைக்காலால் ஊசியில் நூல் கோர்க்க முடியாது (முயன்று பார்த்தவர்கள் சொல்லவும்). யூனிட்டுகள் வேலைக்கு வருவதிலும் ஒரு வரிசை உண்டு. சின்னது முதலில், பெரியது பின்னால். ஸ்பீக்கரில் டக்கிற்குப் பிறகு தொக் வந்ததும், போகும்போது தொக் முதலில் போனதும் இந்த வரிசைப்படிதான். ஹென்னமன் என்பவர் பூனைகளிடம் இதை நிறுவினார். இதே கைச்சதையில் மனிதர்களுக்கும் அப்படித்தான் என்று 1973ல் மில்னர்-பிரவுன், ஸ்டீன், யெம் மூவரும் காட்டினார்கள்.

இனி எண்ணுகிற விஷயம். டாக்டர் சொன்னாரே, அது.

இரண்டு யூனிட்டும் நொடிக்கு 10 முறை துடிக்கின்றன என்று வையுங்கள். ஒன்றுக்கு மற்றது பற்றித் தெரியாது. டக் விழுந்த கணத்துக்கு முன்னால் 5 மில்லிநொடி, பின்னால் 5 மில்லிநொடி, ஆக 10 மில்லிநொடிக்குள் தொக் விழுந்தால் "சேர்ந்து வந்தது" என்று கணக்கு. தற்செயலாக அப்படி விழ வாய்ப்பு பத்தில் ஒன்று. ஒரு நிமிடத்தில் டக் 600 முறை. ஆக 60 முறை சும்மாவே சேர்ந்து வரும். நான் கேட்டுப் பரவசப்பட்டது இந்த அறுபதாகவே இருக்கலாம். ஆனால் நிஜமாக எண்ணிப் பார்த்தால் 60 வராது. 90 வரும் என்று வையுங்கள். அந்த மிச்சம் 30தான் விஷயம். நொடிக்கு அரைத் துடிப்பு கூடுதல். கைத்தசைகளில் ஆய்வாளர்கள் காண்பதும் ஏறத்தாழ இந்த அளவுதான். ரொம்பக் கொஞ்சம். காதால் கேட்டு யாரும் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே வரைபடம் போடுகிறார்கள். ஒவ்வொரு டக்கையும் நடுவில் வைத்து, அதற்கு எவ்வளவு முன்னே பின்னே தொக் வந்தது என்று புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். சில ஆயிரம் துடிப்புக்குப் பிறகு பார்த்தால் பெரும்பாலும் வயல்வெளி மாதிரி சமமாக இருக்கும். நட்டநடுவில், பூஜ்யத்தின் மேல் மட்டும், ஒரு சின்னக் குன்று. அந்தக் குன்று இருந்தால் இரண்டு யூனிட்டுக்கும் ஏதோ உறவு இருக்கிறது.

என்ன உறவு? இங்கேதான் எனக்கு எங்கள் தெரு நினைவுக்கு வந்தது. கரண்ட் போனதும் நாம் முதலில் என்ன செய்கிறோம்? வாசலுக்கு வந்து எதிர்வீட்டைப் பார்க்கிறோம். அங்கேயும் இருட்டு என்றால் நிம்மதி. நம் வீட்டு ஃபியூஸ் இல்லை, ட்ரான்ஸ்ஃபார்மர். எந்தெந்த வீடு சேர்ந்து இருளாகிறது என்று சில மாதம் குறித்து வைத்தாலே, ஒரு கம்பத்திலும் ஏறாமல், எந்த வீடு எந்த ட்ரான்ஸ்ஃபார்மர் என்று வரைபடம் போட்டுவிடலாம். முதுகுத்தண்டைத் திறக்காமலே உள்ளே ஒயர் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆய்வாளர்களுக்குக் கிடைத்த வழியும் இதுதான். ஒரு வித்தியாசம்: இங்கே விளக்கு அணைவதில்லை, லேசாகச் சிமிட்டுகிறது. ஒரு மோட்டார் நியூரானுக்கு ஆயிரக்கணக்கான இணைப்புகளிலிருந்து ஓயாமல் தட்டல் விழுந்துகொண்டே இருக்கும். துடிக்கவா வேண்டாமா என்று விளிம்பில் நிற்கிறபோது, இரண்டு நியூரானுக்கும் கிளை விட்டிருக்கும் ஒரே இழையிலிருந்து தட்டல் வந்தால், இரண்டும் சேர்ந்து விளிம்பைத் தாண்ட வாய்ப்பு கொஞ்சம் கூடும். அந்தக் கொஞ்சம்தான் நம் முப்பது. 1976ல் சியர்ஸ், ஸ்டாக் என்ற இருவர் பூனையின் விலா எலும்புத் தசைகளுக்கான நரம்புகளை வைத்து இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள்.

மனிதக் கைக்கு வந்தவர்கள் லண்டன்காரர்கள். 1990ல் தத்தாவும் ஸ்டீஃபன்ஸும் என்னைக் குத்திய அதே சதையில் ஜோடி ஜோடியாக யூனிட்டுகளைப் பதிவு செய்து, குன்று ஒழுங்காக இருக்கிறது என்று காட்டினார்கள். சரி, அந்த ட்ரான்ஸ்ஃபார்மர் எங்கே இருக்கிறது? தோலிலிருந்தும் மூட்டிலிருந்தும் முதுகுத்தண்டுக்கு வரும் உணர்வு நரம்புகளா, மூளையிலிருந்து இறங்கி வரும் நரம்புகளா? இயற்கையே செய்துவைத்த சில கொடூரமான பரிசோதனைகள் வழி சொல்லின. உணர்வு நரம்புகள் பழுதாகி, கையில் தொடுஉணர்வையும் விரல் எங்கே இருக்கிறது என்ற உணர்வையும் இழந்த ஒருவரைப் பார்த்தார்கள். அவரிடமும் குன்று இருந்தது. ஆக, உணர்வு நரம்பு கட்டாயமில்லை. பக்கவாதம் வந்தவர்களைப் பார்த்தார்கள். பாதிக்கப்பட்ட கையில் அந்தக் கூரான குன்று காணாமல் போயிருந்தது, அல்லது அகலமாகப் பரந்து கிடந்தது. ஒயர் மேலே போகிறது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது கண்ணாடி அசைவு. சின்னப் பிள்ளைகள் எழுதும்போது பார்த்திருப்பீர்கள். வலது கை பென்சிலைப் பிடித்து "அ" போடும், சும்மா இருக்க வேண்டிய இடது கை விரல்களும் கூடவே நெளியும். என் தங்கை மகள் ஒன்றாம் வகுப்பில் அப்படித்தான் எழுதினாள். நாக்கும் வெளியே வந்து சேர்ந்து எழுதும். பெரும்பாலும் பத்து வயதுக்குள் இது மறைந்துவிடும். சிலருக்கு மட்டும் ஆயுள் முழுக்க மறையாது. ஒரு கை என்ன செய்தாலும் மறு கையும் செய்யும். கிளிப்பெல்-ஃபெயில் என்ற கழுத்தெலும்புக் குறைபாட்டோடு இந்த அசைவும் இருந்த ஒருவரின் இரண்டு கைகளிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்து, ஃபார்மர், இங்க்ராம், ஸ்டீஃபன்ஸ் மூவரும் 1990ல் வெளியிட்டார்கள். சாதாரணமாக இடது கை யூனிட்டுக்கும் வலது கை யூனிட்டுக்கும் எந்த உறவும் இருக்காது, வயல் சமமாகவே இருக்கும். அவரிடமோ நடுவில் குன்று! மூளையிலிருந்து இறங்கும் இழை கிளை பிரிந்து இரண்டு பக்கத்துக்கும் போகிறது என்பதன் அடையாளம். அறுக்கவில்லை, கிழிக்கவில்லை. இரண்டு ஊசியும் கொஞ்சம் எண்ணிக்கையும்தான்.

குரங்குகளில் இதை நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். மூளைப் புறணியிலிருந்து புறப்படும் ஒரே இழை, முதுகுத்தண்டில் பல கைத்தசைகளின் நியூரான் கூட்டங்களுக்குள் கிளை விடுவதை ஷினோடாவும் கூட்டாளிகளும் 1981ல் காட்டினார்கள். விரலுக்கு ஒரு ஒயர், தசைக்கு ஒரு ஒயர் என்று கணக்காக இழுத்த வீடு இல்லை இது. ஆனாலும் அந்தப் பாதை போய்விட்டால் விரலின் நுணுக்கமும் போய்விடும். அந்தப் பாதை அறுக்கப்பட்ட குரங்குகள் ஓடின, ஏறின, கம்பியைப் பற்றின. சிறு குழியிலிருந்து உணவை இரண்டு விரலால் நோண்டி எடுக்க மட்டும் அவற்றால் கடைசிவரை முடியவில்லை. 1968ல் லாரன்ஸ், கைப்பர்ஸ் செய்த வேலை அது. விரல்களைத் தனித்தனியாக இயக்க உதவுகிற பாதையே, ஒன்றுக்கு மேற்பட்ட தசைகளை ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறது. இந்த இடத்தில் எனக்குத் தலை சுற்றியது உண்மை.

அப்போதுதான் என் தம்பியிடம் மாட்டிக்கொண்டேன். அவன் ஜிம் பைத்தியம். காலையில் முட்டை வெள்ளை, மாலையில் முட்டை வெள்ளை. இசைக்கலைஞர்களையும் பளு தூக்குபவர்களையும் ஒப்பிட்ட ஒரு ஆய்வைப் படித்துவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அவனிடம் சொல்லிவிட்டேன். ஆஸ்திரேலியாவில் செம்லர், நார்ட்ஸ்ட்ரம் இருவரும் 1998ல் வெளியிட்டது. அதே சதை. விரல் பழக்கம் மிகுந்த இசைக்காரர்களின் இரண்டு கையிலும் சேர்ந்து துடிப்பது குறைவு. பளு தூக்குபவர்களின் இரண்டு கையிலும் அதிகம். எந்தப் பயிற்சியும் இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பழகிய கையில் குறைவு, பழகாத கையில் அதிகம். பளு தூக்குபவர்களின் விரல் விசையில் நடுக்கமும் கூட.

"அப்ப நான் ஜிம்முக்குப் போனா கை நடுங்கும்ங்கிறியா அண்ணே?"

"நான் சொல்லலடா, ஆஸ்திரேலியாக்காரன் சொல்றான்."

"சேர்ந்து இழுத்தாத்தானே பலம்? தேர் இழுக்கும்போது ஆளுக்கு ஒரு நேரத்துல இழுத்தா நகருமா?"

நியாயமான கேள்வி. நானும் முதலில் தேர்வடம் மாதிரித்தான் நினைத்தேன். தசை அப்படி இல்லை. ஒரு துள்ளல் அடங்குவதற்குள் அடுத்தது வந்து மேலே ஏறிக்கொள்ள வேண்டும். எங்கள் பாட்டியும் பக்கத்து வீட்டு அத்தையும் ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போட்டு மாவு இடிப்பார்கள். ஒருத்தி ஓங்கும்போது மற்றவள் இறக்குவாள். இடியில் இடைவெளியே தெரியாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போட்டால் மாவுக்குக் கூடுதல் பலன் ஒன்றும் கிடைக்காது. ஒரு பெரிய இடி, ஒரு பெரிய இடைவெளி. நிமிடத்துக்கு விழுகிற இடி அதே எண்ணிக்கைதான். யாவ், ஃபியூக்லவாண்ட், இனோகா மூவரும் 2000ல் கணினியில் ஒரு தசையை உருவாக்கிப் பார்த்ததும் இதையேதான் சொன்னது: யூனிட்டுகளைச் சேர்ந்து துடிக்க வைத்தால் சராசரி விசை கூடவில்லை, விசையின் ஏற்ற இறக்கம்தான் கூடியது. தோலின் மேலிருந்து எடுக்கும் ஈஎம்ஜி அளவும் பெரிதாகிவிடுவதால் தசை கூடுதலாக உழைப்பது போல ஒரு மாயத் தோற்றம் வேறு. தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. அவன் பாட்டி இடித்ததைப் பார்த்ததில்லை, மிக்ஸி வந்தபின் பிறந்தவன்.

இந்த ஆய்வைப் படித்ததும் எல்லோருக்கும் வருகிற ஆசை எனக்கும் வந்தது. ஆகா, கலை என்றால் சேர்ந்திருப்பதை அவிழ்ப்பது என்று ஒரு அழகான வரி எழுதிவிடலாமே! ஆனால் அவசரப்படக் கூடாது. பயிற்சி செய்துதான் ஒட்டுறவு தளர்ந்ததா, அல்லது தளர்ந்த கைக்காரர்கள்தான் இசைக்கு வந்தார்களா என்பதை இந்த மாதிரி ஒப்பீடு சொல்லாது. அதைவிட முக்கியம், சேர்ந்து துடிப்பது எல்லா இடத்திலும் குறை இல்லை.

அம்மா கோலம் போடுவதைப் பார்த்தால் தெரியும். பொடியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளிப் பிடிக்கின்றன. இறுக்கினால் கோடு அறுந்துபோகும், தளர்த்தினால் கொட்டிவிடும். அவள் கோடு ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே கனம். கை சரியில்லாத அந்த மாதங்களில் நானும் ஒருநாள் ரகசியமாக முயன்று பார்த்தேன். மண்புழு ஊர்ந்த மாதிரி ஒரு கோடு வந்தது. விடிவதற்குள் காலால் அழித்துவிட்டேன்.

இந்தக் கிள்ளலில் கட்டைவிரல் நுனியை மடக்குவது ஒரு நீளத் தசை, ஆள்காட்டி விரல் நுனியை மடக்குவது வேறொரு நீளத் தசை. இரண்டும் முன்கையில் இருக்கின்றன. வழக்கமாக ஒரே தசைக்குள் இருக்கும் யூனிட்டுகளுக்குத்தான் உறவு அதிகம், வேறு வேறு தசை என்றால் குறைந்துவிடும். ஆனால் கிள்ளிப் பிடிக்கிற இந்த இரண்டு தசைகளுக்கும் நடுவே, தனித்தனித் தசைகளில் எதிர்பார்ப்பதைவிட வலுவான உறவு இருக்கிறது என்று 2005ல் ஃபியூக்லவாண்டின் குழு கண்டது. இங்கே சேர்ந்து துடிப்பது சௌகரியம். ஒரு பக்கம் இறுகும்போது மறுபக்கமும் இறுகினால்தான் பொடி நிற்கும். எதிரெதிரே தள்ளுகிற இரண்டு விரலுக்குத் தனித்தனி முதலாளி இருந்தால் சண்டைதான்.

இன்னொன்று, இந்தச் சேர்க்கையில் ஒரு தாளமும் இருக்கிறது. 1993ல் ஃபார்மர் குழு இதே சதையின் யூனிட் ஜோடிகளைப் பிரித்துப் பார்த்தபோது, சேர்க்கை எல்லா வேகத்திலும் பரவலாக இல்லை. நொடிக்கு 1 முதல் 12 வரை ஒரு கூட்டம், 16 முதல் 32 வரை இன்னொரு கூட்டம். யூனிட் துடிப்பதே நொடிக்குப் பத்து என்றால் இருபதின் தாளம் எப்படி வரும் என்று நான் குழம்பினேன். கச்சேரியில் கூட்டமே தாளம் போடுகிறது, ஒவ்வொருவரும் எல்லாத் தட்டும் தட்டுவதில்லை, தட்டும்போது தட்டில் விழுகிறார்கள். அப்படித்தான். 1995ல் கான்வே குழு தலைக்கு வெளியே காந்தப்புலத்தை அளந்து, மூளைப் புறணியில் ஓடும் இருபதின் தாளமும் கைத்தசையில் ஓடும் தாளமும் கோர்த்துப் போவதைக் காட்டியது. வேடிக்கை என்னவென்றால், ஒரு பொருளை அசையாமல் பிடித்திருக்கும்போது இந்தத் தாளம் தெளிவாக இருக்கும், விரலை நகர்த்தத் தொடங்கியதும் கலைந்துபோகும், மறுபடி பிடித்து நிறுத்தினால் திரும்ப வரும். பிள்ளைகளைவிட வளர்ந்தவர்களிடம் கட்டைவிரல் தசைகளுக்கு இடையே இந்தத் தாளம் வலுவாக இருக்கிறது. ஆக, வளர வளர ஒட்டுறவு அவிழ்கிறது என்று நான் எழுத நினைத்த அழகான வரி இங்கே படுத்துவிட்டது. பொடியைப் பிடித்து நிற்கும் அம்மாவின் விரலும், கோட்டை வளைக்கும் அம்மாவின் விரலும் ஒரே கணக்கில் துடிப்பதில்லை. எங்கே சேர வேண்டும், எங்கே விலக வேண்டும் என்பது கோலத்தின் ஒவ்வொரு வளைவிலும் மாறிக்கொண்டே இருக்கிறது.

ஒன்பது மாதம் கழித்து மறுபடி ஊசிக்குப் போனேன். நரம்பு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கையிலிருந்து கைக்குச் சுமார் 30 சென்டிமீட்டர், கணக்குப் போட்டால் பத்து மாதம். அதற்குள் வேறொன்றும் நடக்கும். உயிரோடு மிஞ்சிய நரம்பிழைகள், பக்கத்தில் அநாதையாகிவிட்ட தசையிழைகளுக்குக் கிளை நீட்டித் தத்தெடுத்துக்கொள்ளும். எனக்கு நரம்பு நசுங்கியதுதான், அறுந்துபோகவில்லை. முழுக்க அறுந்து தைக்கப்பட்ட அல்நார் நரம்புகளில், சின்னது முதலில் பெரியது பின்னால் என்ற வரிசையே குலைந்துபோவதாக 1974லேயே எழுதியிருக்கிறார்கள். நசுங்கிய நரம்பில் அந்த வரிசை மிஞ்சுகிறது. இதைப் படித்தபோது முழங்கை உறையை ஒருமுறை தடவிக்கொண்டேன்.

தூறல் நின்றிருந்தது. "லேசா தள்ளுங்க சார்" என்றார். டக் வந்தது. பிறகு தொக்கிற்குப் பதிலாகத் தொம்ம் என்று ஒரு பெரிய அடி. திரையில் அதன் கோடு மற்றதைவிட மூன்று மடங்கு உயரம்.

"இது தத்தெடுத்த யூனிட். குடும்பம் பெருசாயிடுச்சு" என்றார்.

"ரெண்டு நிமிஷம் அப்படியே விடுங்க டாக்டர்."

"எதுக்கு?"

"எண்ணிப் பார்க்கிறேன்."

சிரித்துக்கொண்டே விட்டார். டக், தொம்ம், டக், டக், தொம்ம். சேர்ந்து விழுவதை மட்டும் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். எண்ணுகிற கை இடது கை. பதினேழு வந்தபோது வெளியே அடுத்தவர் கதவைத் தட்டினார். ஊசியை எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சாவியை எடுத்தால் அது பூட்டுக்குள்ளேயே போகவில்லை. பழைய பூட்டோடு எவ்வளவு நாள்தான் மல்லுக்கட்டுவான் என்று அம்மா அன்று காலையில்தான் ஆள் கூப்பிட்டுப் புதுப் பூட்டு போட்டிருந்தாள். அதன் சாவி குழந்தைகூடத் திருப்பிவிடும்.